சாக்கடை ஜலச் சுத்தி நிலையங்களும் மீஞ்சூர்க் கிணறுகளும்

சென்னைப் பட்டணத்துச் சாக்கடை ஜலம் எவ்வாறு சுத்தி செய்யப்படுகிறது என்பது பட்டணவாசிகள் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம் என்றும், வெளியூரில் நிலம் வைத்துப் பயிரிடும் குடியானவர்களுக்கு அதில் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் பலர் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் சரியன்று. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் கிணற்று ஜலம் உப்புக் கரித்துப் போனதற்கும், மணலித் தொழிற்சாலைகளின் ஜலத் தேவைக்கும், கொடுங்கையூர்ச் சுத்தி நிலையத்தின் வேலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பு இன்னதென்பதும், அத்தகைய நிலையங்களில் நேரும் இடையூறுகளும், கிராமத்தார் கைக்கொள்ள வேண்டிய முறைகளும் கீழே விளக்கப்படுகின்றன.

ஆறும் கிணறுகளும்

கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. 1944-ஆம் வருஷத்தில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது முதல், ஆற்றின் நல்ல ஜலத்தில் பெரும் பகுதி பட்டணத்தின் குடிநீருக்குப் போகிறது. மழைக்காலத்து வெள்ளம் தவிர, கீழ்ப்பகுதிக்கு வரும் நல்ல ஜலம் மிகக் குறைவு. 1806-ஆம் வருஷத்தில் படகுப் போக்குவரத்துக்காகச் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற கால்வாயோ, இப்பொழுது வட சென்னையின் சாக்கடை ஜலத்தைச் சுமந்துகொண்டு அதே கழிமுகத்தில் வந்து சேருகிறது.

ஆற்றின் இருமருங்கிலும் ஆழ்ந்த மணற்படுகையில் நல்ல ஊற்று உண்டு. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் உதவியுடன் நடந்த நிலத்தடி நீர் ஆராய்ச்சியை அனுசரித்து, தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. மீஞ்சூர்க் கிணறுகளின் ஜலம் மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டது. மழையால் ஊறியதைக் காட்டிலும் இறைத்தது அதிகமாயிற்று. ஊற்று மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கியது. காலி செய்த இடத்தில் கடல் ஜலம் நிலத்துக்கு அடியிலேயே உள்ளே புகுந்தது. மூன்று போகம் நெல் விளைந்த நிலமாயினும், பாய்ச்சும் ஜலம் உப்பானால் நாற்றுப் பிடிக்காது, கதிர் பதராகும். ஒரு முறை உள்ளே வந்த உப்பு, பல வருஷத்து நல்ல மழையாலன்றி வெளியேறாது.

இதைக் கருதியே சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலத்தடி நீரை முறைப்படுத்த 1987-ஆம் வருஷத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் இறைப்பைத் தடுக்குமேயன்றி ஜலத்தை உண்டாக்காது. கொதிகலனுக்கும் யந்திரங்களைக் குளிர்விப்பதற்கும் தொழிற்சாலைகளுக்கு ஏராளமான ஜலம் வேண்டும். அதைக் கிணற்றிலிருந்தோ, ஏரியிலிருந்தோ, கடல் ஜலத்தின் உப்பை நீக்கியோ பெற வேண்டும். அல்லது பட்டணம் உபயோகித்துக் கழித்த ஜலத்தைச் சுத்தி செய்து பெற வேண்டும். கடல் ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. சாக்கடை ஜலத்தில் ஒன்று அல்லது இரண்டு கிராம்தான். ஆகவே பின்னதைச் சுத்தி செய்ய மின்சாரச் செலவு மிகக் குறைவு. 1990-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே மணலியில் இரண்டு பெரிய தொழிற்சாலைகள் கொடுங்கையூர் ஜலத்தை வாங்கி மேலும் சுத்தி செய்து உபயோகிக்கத் தொடங்கின. 2019-ஆம் வருஷத்தில், நாளொன்றுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் கொடுக்கக்கூடிய உயர்தரச் சுத்தி நிலையம் ஒன்று கொடுங்கையூரில் திறக்கப்பட்டது.

இந்த அளவைக் குடியானவர் கணக்கில் சொல்வதானால், ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் ஜலம் நிற்க ஏறக்குறைய 1,03,000 லிட்டர் வேண்டும். எனவே அந்நிலையம் ஒரு நாள் முழு வேலை செய்தால், சுமார் 435 ஏக்கரில் ஓர் அங்குலம் பாயும் ஜலம் கிணறுகளிலும் ஏரிகளிலும் மிச்சமாகும். அது வேலை செய்யாத நாளில் அவ்வளவு ஜலத்தையும் வேறிடத்திலிருந்து எடுக்க நேரும்.

நுண்ணுயிர்களின் வேலை

சாக்கடை ஜலத்தில் ஆயிரத்தில் 999 பங்கு வெறும் ஜலமே. எஞ்சிய ஒரு பங்கில் பாதியளவு அழுகக்கூடிய பொருள். அழுகும்போது அது ஜலத்திலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பதை அளந்து சொல்லும் எண்ணே பிராணவாயுத் தேவை எனப்படும். இந்தத் தேவை மிகுந்த ஜலம் ஆற்றில் விழுந்தால் மீனும் இறாலும் மூச்சின்றி மடியும்.

நிலையத்துக்கு வரும் ஜலம் முதலில் கம்பித் தடுப்பில் கந்தை, குப்பைகளையும், அடுத்த தொட்டியில் மணலையும் இழக்கிறது. பிறகு ஒரு பெரிய தொட்டியில் இரண்டு மணி நேரம் அசையாது நிற்க, கனத்த அழுக்கு அடியில் படிகிறது. கரைந்த அழுக்கு இவற்றால் நீங்காது. அதைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்கள். காற்றுத் தொட்டியில் அடியிலிருந்து காற்றை ஊத, அவை அழுக்கைத் தின்று பெருகி, பழுப்பு நிறமான சிறு திரள்களாகத் திரளுகின்றன. அடுத்த தொட்டியில் இத்திரள்கள் சேறாகப் படிய, மேலே தெளிந்த ஜலம் வழிந்தோடுகிறது. படிந்த சேற்றில் பெரும் பகுதியை மறுபடியும் காற்றுத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள்.

இவ்வாறு திருப்பி அனுப்புவதில்தான் இம்முறையின் உயிர்நிலை இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் 1914-ஆம் வருஷத்தில் இதை வெளியிட்டனர். வெறும் சாக்கடை ஜலத்தில் காற்றை ஊதியபோது அது தெளியப் பல வாரங்கள் பிடித்தன. படிந்த சேற்றை எறியாமல் வைத்துக்கொண்டு அதன்மேல் புதிய சாக்கடை ஜலத்தை விட்டு ஊதிவர, வேளைக்கு வேளை காலம் குறைந்து, முடிவில் சில மணி நேரமே போதுமானதாயிற்று. பாலில் உறைமோர் குத்துவது போன்றதே இது. நல்ல உறை இருந்தால் பால் ஓர் இரவில் தோயும். உறை கெட்டால் பாலும் கெடும். இந்த உயிர்ச் சேற்றை நல்ல நிலையில் காப்பதே நிலையத்தை நடத்துவோரின் முதற் கடமை. அது தவறும் விதங்கள் பின்வருமாறு.

இடையூறுகள்

1. காற்றுக் குறைவு. தொட்டி ஜலத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு பிராணவாயு எப்பொழுதும் கரைந்திருப்பது நலம். 20 டிகிரி சூட்டில் ஜலம் 9 மில்லிகிராம் வரை பிராணவாயுவை ஏற்கும். சென்னையின் கோடையில் 30 டிகிரி சூட்டில் ஏழரை மில்லிகிராமுக்கு மேல் ஏற்காது. அதே சமயம் சூட்டில் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்று வேகமாக மூச்சு விடுகின்றன. ஆகவே குளிர் நாடுகளுக்கென்று ஏற்பட்ட கணக்கு இங்கே உதவாது. காற்றூதி யந்திரங்களே நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் செலவழிப்பவை. எனவே மின்சாரம் தடைப்படும்போதும், சிக்கனம் கருதி இரவில் யந்திரத்தை நிறுத்தும்போதும், முதலில் கெடுவது இவ்வேலையே. சில மணி நேரத்தில் சேறு கறுத்துப் புளித்த நாற்றம் வீசும். கொடுங்கையூரில் சேற்றைக் காற்றில்லாத தொட்டியில் செரிக்க வைத்து, அதில் உண்டாகும் எரிவாயுவால் மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு உண்டு. அது காற்றூதிகளுக்குப் பெருந் துணை.

2. சேறு படியாமை. நல்ல திரளோடு இழை இழையாக நீண்டு வளரும் நுண்ணுயிர்களும் சேற்றில் சிறிது உண்டு. அவை மிகுந்தால் வயலில் கோரை மண்டியதுபோலாகும். சேறு பஞ்சுபோல் உப்பி, படியாமல் தெளிநீரோடு சேர்ந்து வழிந்துவிடும். காற்றுக் குறைவும், ஆகாரக் குறைவும், அழுகிப் புளித்த சாக்கடை ஜலமும் இதற்குக் காரணங்கள். வட சென்னை சமதரை. ஜலம் தானாக ஓடாமல் இறைப்பு நிலையங்களின் வழியாகவே தள்ளப்பட வேண்டும். குழாயில் நெடுநேரம் தங்குவதால் அது அழுகிய முட்டை நாற்றத்துடன் நிலையம் வந்து சேரும். இழைகளுக்கு அது நல்ல எருவாகும்.

இதை முன்கூட்டியே அறிய எளிய பரீக்ஷை உண்டு. தொட்டி ஜலத்தை ஒரு லிட்டர் கண்ணாடி அளவுகுழலில் ஊற்றி, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, படிந்த சேற்றின் உயரத்தை அளக்க வேண்டும். அதை ஒரு லிட்டரிலுள்ள சேற்றின் உலர்ந்த எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 3 கிராம் சேறு உள்ள ஜலத்தில் படிந்தது 300 மில்லிலிட்டரானால் வகுத்து வருவது 100. இது நல்ல சேறு. படிந்தது 600 ஆனால் வருவது 200. இது ஆபத்தான சேறு. எண் நாளுக்கு நாள் ஏறுவதைக் கண்டவுடன் காற்றைக் கூட்டிக் காரணத்தைத் தேட வேண்டும். திருப்பி அனுப்பும் சேற்றில் சிறிது குளோரின் சேர்த்து இழைகளை அடக்கலாம். காரணம் நீங்காவிடில் அவை மறுபடி முளைக்கும்.

3. மிதக்கும் சேறு. சில வேளை சேறு நன்றாகப் படிந்து, ஓரிரண்டு மணி நேரம் கழித்துக் கட்டி கட்டியாக மேலே மிதக்கும். இது மேற்கூறிய நோயன்று. ஜலத்திலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் வயல் மண்ணில் இருப்பதுபோலவே தொட்டியிலும் உண்டு. காற்றில்லாத அடிச் சேற்றில் அந்த நைட்ரேட் வாயுவாக மாறி, குமிழிகளாக எழும்பிச் சேற்றைத் தூக்குகிறது. தண்ணீர் நின்ற நெல் வயலில் தழைச்சத்து வாயுவாகப் போய் நஷ்டமாவதும் இவ்விதமே. அடிச் சேற்றை நெடுநேரம் தங்கவிடாமல் விரைவில் எடுப்பதே பரிகாரம்.

4. மிகுந்த சேற்றைக் கழிக்காமை. நுண்ணுயிர்கள் தினமும் பெருகுகின்றன. பத்து மாட்டுக்குப் போதுமான தீவனத்தில் இருபது மாடு கட்டினால் எல்லா மாடும் இளைக்கும். அதுபோல, சேற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தினமும் கழிக்க வேண்டும். கழிக்காவிடில் அது தானே தன்னைக் கழித்துக்கொள்ளும். அதாவது தெளிநீர் வாய்க்காலில் வழிந்து ஆற்றுக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். அடைமழையில் சேறு உலர்த்தும் களங்கள் காய்வதில்லை. களம் காலியாகவில்லை என்று சேற்றை எடுக்காமல் விடுகிறார்கள். அச்சமயத்தில்தான் மழை ஜலமும் சாக்கடையில் புகுந்து வரத்தைப் பெருக்கி, தேங்கிய சேற்றையெல்லாம் அடித்துச் செல்கிறது. மழைக்கு முன்பே சேற்றின் அளவைக் குறைத்துக்கொள்வதும், பிழியும் யந்திரங்களைப் பழுது பார்த்து வைப்பதும் அவசியம்.

5. கொழுப்பும் விஷமும். மீன் இறங்கும் துறைகளின் எண்ணெய்ப் பசையும் உப்பும், உலோகப் பட்டறைகளின் அமிலமும், முலாம் பூசும் தொட்டிகளின் கழிவும் சாக்கடையில் கலந்து வந்தால் சேறு நுரைக்கும் அல்லது சாகும். அம்மோனியாவை மாற்றும் உயிர்களே முதலில் மடிபவை. அவை மீண்டும் நிலைபெற வாரக்கணக்கில் ஆகும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற துறைமுகமும் தொழிலும் கலந்த இடங்களில் இதைப் பற்றி எப்பொழுதும் விழிப்பு வேண்டும். இத்தகைய கழிவைப் பட்டறையிலேயே மாற்றியபின் விடச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆற்றின் நிலை

நிலையம் தன்னிடம் வந்த ஜலத்தைத்தான் சுத்தி செய்யும். சென்னையின் சாக்கடைத் திட்டம் 1910-இல் வகுக்கப்பட்டபோது, 1961-இல் 6,60,000 பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961-இன் ஜனக்கணக்கில் கண்டதோ 17 லட்சத்துக்கு மேல். குழாய் கொள்ளாததும், குழாயே இல்லாததும் கால்வாயில் விழுந்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி முதலிய நகரசபைகள் 2011-ஆம் வருஷத்தில்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. நிலையம் நன்றாக நடந்தும் கால்வாய் கறுத்திருந்தால், காரணத்தை வீட்டுக் குழாய்களிலும் மழைநீர் வாய்க்கால்களிலும் தேட வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் 1912-ஆம் வருஷத்தில் ஒரு ராஜாங்க விசாரணைச் சபை, சுத்தி செய்த ஜலத்தின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று விதித்தது. அந்த ஜலத்தோடு குறைந்தது எட்டு மடங்கு நல்ல ஆற்று ஜலம் கலக்கும் என்பதை வைத்தே அவ்வளவு குறிக்கப்பட்டது. சித்திரை, வைகாசியில் எண்ணூர்ப் பக்கம் கலப்பதற்கு நல்ல ஜலம் ஏது? நிலையம் விடும் ஜலமே அங்கு ஆறு. எனவே நம் நாட்டில் அளவு இன்னும் கடுமையாக இருத்தல் நியாயமே.

கழிமுகத்தில் வலை வீசிப் பிழைப்பவர்கள் இதன் பலனை முதலில் அனுபவிக்கிறார்கள். 2023-ஆம் வருஷம் டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது அவர்கள் பட்ட நஷ்டம் ஊரறிந்தது. சாக்கடை ஜலத்தால் வரும் நஷ்டம் அவ்வாறு ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மடவையும் இறாலும் வருஷந்தோறும் குறைந்து வருவதாகவே தெரியும்.

நிலையத்தின் பிழை கிணற்றை எட்டும் விதம்

தொழிற்சாலைக்குப் போகும் ஜலத்தை, கண்ணுக்குத் தெரியாத துவாரமுள்ள மெல்லிய சவ்வுகளின் வழியாக அழுத்தித் தெளிவிக்கிறார்கள். சேறு கலந்த ஜலம் வந்தால் சவ்வு அடைபடும். அடைபட்டால் அடிக்கடி மருந்திட்டுக் கழுவ வேண்டும். மிஞ்சினால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் தொழிற்சாலைகள் வேறு ஜலம் கேட்கும். மழை பொய்த்த வருஷத்தில், ஏரிகள் வறண்ட 2019 போன்ற கோடையில், கிணறுகளை விட்டால் வேறு இடம் ஏது? கொடுங்கையூரில் ஒருவர் காலையில் அளவுகுழலைப் பார்க்கத் தவறினால், அதன் விளைவு நாளடைவில் மீஞ்சூரில் ஊற்று மட்டத்தில் தெரியக்கூடும்.

பாசனத்துக்கும் எருவுக்கும்

சுத்தி செய்யாத கால்வாய் ஜலத்தைக் கீரை, வெள்ளரி முதலிய பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சுவது கூடாது. குடற்புழு முட்டைகளும் நோய்க் கிருமிகளும் அதில் உண்டு. சாக்கடை ஜலத்தில் தழைச்சத்து லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் என்று கொண்டால், ஓர் ஏக்கரில் பாயும் ஒவ்வோர் அங்குலத்திலும் 4 கிலோ தழைச்சத்து சேரும். நெல்லுக்கு 25 அங்குலம் பாய்ச்சினால் 100 கிலோ; ஏக்கருக்குத் தேவையானதோ சுமார் 60 கிலோ. பயிர் கருகருவென்று வளர்ந்து, பூச்சி விழுந்து, சாய்ந்து, பதராகும். அத்தகைய ஜலம் பாயும் நிலத்தில் ரசாயன உரத்தைக் குறைப்பதும், தீவனப் புல் வளர்ப்பதும் உசிதம். உப்பின் அளவையும் பரீக்ஷை செய்து பார்க்க வேண்டும்.

உலர்ந்த சேறு தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த எருவே. பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆசார்யா வகுத்த பெங்களூர் முறைப்படி, மலக் கழிவையும் குப்பையையும் குழியில் அடுக்கி மக்க வைத்துப் பல ஊர்கள் பயனடைந்தன. ஆனால் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியின் சேற்றில் குரோமியம், காட்மியம், ஈயம் முதலிய உலோகங்கள் இருக்கக்கூடும். இவை நிலத்தில் சேர்ந்தால் நீங்கா. ஆதலால் பரீக்ஷைச் சீட்டு இல்லாத சேற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வயலில் இறக்கலாகாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

(1) கழிவுத் தொட்டி லாரிகள் இரவில் ஏரி, ஓடை, வாய்க்கால்களில் கவிழ்ப்பதைத் தடுத்து, சுத்தி நிலையத்தில் கொண்டுபோய் விடும்படி செய்ய வேண்டும்.

(2) 1987-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு உட்பட்ட கிராமங்களில் அனுமதியின்றிப் புதிய ஆழ்கிணறு இறக்குவதையும், லாரிகளில் ஜலம் விற்பதையும் குறித்து மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

(3) ஆற்றிலோ கால்வாயிலோ நிறமும் நாற்றமும் திடீரென்று மாறினால், தேதி, நேரம், இடம் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத வேண்டும். ஒரு வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் ஜலத்தைக் கழுத்துவரை நிரப்பி மூடி, நிழலில் ஐந்து நாள் வைத்துப் பார்க்கலாம். கறுத்து நாறினால் அதில் அழுகும் பொருள் மிஞ்சியிருக்கிறது என்பது நிச்சயம். புட்டியைக் கையாண்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

(4) ஒவ்வொரு கோடையிலும் மழைக்குப் பின்பும் கிணற்று ஜலத்தின் உப்பை அளந்து, கிராமக் கணக்கில் எழுதி வரலாம். பத்து வருஷத்துக் கணக்கு கையில் இருந்தால், கிராமத்தார் கேட்கும் நியாயத்துக்கு ஆதாரம் கிடைக்கும்.

பட்டணத்துச் சாக்கடை ஜலம் நன்கு சுத்தியாகித் தொழிற்சாலைக்குப் போகும் அளவுக்கு, கிராமத்து ஊற்று ஜலம் பயிருக்கு நிற்கும். ஆகவே கிராமக் கூட்டங்களில் ஏரி மராமத்தையும் வாய்க்கால் தூர் வாருதலையும் பற்றிப் பேசும்போது, கொடுங்கையூர் நிலையம் எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் கொசஸ்தலை ஆற்றுக் குடியானவர்களுக்கு உரிய காரியமே யாகும்.